வெள்ளை தேறும், கறுப்பு தேறாது

பதினெட்டு வருஷமாக நான் பார்க்கிற வேலை ஒன்றே ஒன்றுதான். படத்தைப் பார்த்து, தேறும் தேறாது என்று எழுதுவது. சினிமாப் படம் இல்லை. எங்கள் தொழிற்சாலையில் கனத்த இரும்புக் குழாய்களை வெல்டு வைத்து ஒட்டுவார்கள். ஒட்டிய இடம் உள்ளே சரியாக நிரம்பியிருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. அதற்காக எக்ஸ்ரே எடுப்பார்கள். அந்த ஃபிலிமை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, இருட்டறையில் உட்கார்ந்து பார்ப்பவன் நான். வெள்ளையாக இருந்தால் இரும்பு கெட்டியாக இருக்கிறது. கறுப்புப் பொட்டு தெரிந்தால் உள்ளே காற்று மாட்டிக்கொண்டு ஓட்டை விழுந்திருக்கிறது. தேறாத ஃபிலிமின் ஓரத்தில் ஒரு வட்டம் போட்டு, குறுக்கே ஒரு கோடு இழுப்பேன். வெல்டர் என்னைத் திட்டிக்கொண்டே திரும்ப வேலையை ஆரம்பிப்பான்.

குற்றம் பார்ப்பதே தொழிலாகிவிட்டவனோடு குடித்தனம் பண்ணுவது சுலபமில்லை. என் மனைவி வைதேகி வார்க்கும் தோசையைப் பார்த்தாலும் என் விரல் தட்டின்மேல் வட்டம் போட்டுக் கோடு இழுக்கும். "ஒரே ஓட்டை. தேறாது" என்பேன். "ஓட்டை விழுந்தாத்தான் அதுக்குப் பேர் தோசை. இல்லேன்னா அது சப்பாத்தி" என்று அவள் அடுத்ததைப் போடுவாள். கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் எங்கள் பல காலைகள் இப்படித்தான் போயிருக்கின்றன.

இப்போது இதை எழுதக் காரணம், என்னோடு ஃபிலிம் அறையில் வேலை பார்க்கும் ஒருவர். அவருடைய மாமனாரை மூச்சு மெஷினில் வைத்திருக்கிறார்கள். "நீங்க இருந்து பாத்தவரு. அவருக்கு வலிக்குமா சார்? நாங்க பேசினா கேக்குமா?" என்று கேட்டார். நின்றபடி இரண்டு வார்த்தையில் சொல்கிற விஷயம் இல்லை அது. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு ஆடி மாதம். வயிற்றுப் புண் எனக்குப் பல வருஷச் சொந்தம். வலித்தால் மோர் குடிப்பேன், அதோடு சரி. அன்று ஷிஃப்டு பாதியில் கத்தியால் குத்தினாற்போல ஒரு வலி. நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. திருச்சிப் புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். புண் முற்றி இரைப்பையில் ஓட்டை விழுந்துவிட்டது, உடனே திறந்து தைக்க வேண்டும் என்றார்கள். ஊரான் ஓட்டைக்கெல்லாம் கோடு இழுத்தவன், என் வயிற்று ஓட்டையைக் கோட்டை விட்டிருந்தேன்.

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் வயிற்றுக்குள் சீழ் பரவி உடம்பு ஓய்ந்துபோயிருந்ததால் சொந்தமாக மூச்சு விடத் தெம்பில்லை. தீவிர சிகிச்சை அறையில், வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாயைச் செருகி மெஷினோடு இணைத்துவிட்டார்கள். அந்த அறையில் ஐந்து கட்டில்கள், இரண்டே மெஷின்கள். ஒன்று எனக்கு. மற்றொன்று பக்கத்துக் கட்டிலில் இருந்த ராமலிங்கத்துக்கு. உறையூரில் தறி வைத்திருந்தவர், லாரி மோதி விலா எலும்புகள் ஒடிந்து வந்தவர்.

நண்பரின் கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். எனக்கு எல்லாம் கேட்டது. குழாய் இருப்பதால் பேச்சு வராது, அவ்வளவுதான். வலியைவிட மோசம், தொண்டையில் கிடக்கும் சளியை மெல்லிய ரப்பர்க் குழாய் விட்டு உறிஞ்சும் நேரம். சில விநாடிகள்தான். ஆனால் அந்தச் சில விநாடிகள் தண்ணீருக்குள் தலையை அமுக்கிப் பிடித்ததுபோல் இருக்கும். ஸ்டெல்லா சிஸ்டர் மட்டும் முன்கூட்டியே, "சார், இப்ப எடுக்கப்போறேன், அஞ்சு எண்ணுங்க, முடிஞ்சிடும்" என்பார். மற்றவர்கள் சொல்லாமல் செய்வார்கள். சொல்லிவிட்டுச் செய்தால் பாதி பயம் போய்விடுகிறது.

என் பெண்ணின் ஸ்லேட்டையும் பலப்பத்தையும் வைதேகி கொண்டுவந்து கட்டிலில் வைத்திருந்தாள். தண்ணீர், குளிர், லைட்டை அணை என்று இரண்டொரு எழுத்து கிறுக்குவேன். காலையில் பத்து நிமிஷம், சாயந்தரம் பத்து நிமிஷம்தான் அவளை உள்ளே விடுவார்கள். மற்ற நேரமெல்லாம் வெளி வராந்தா பெஞ்சுதான் அவளுக்கு வீடு. அங்கே ராமலிங்கத்தின் மனைவியும் இருந்தார். அந்த அம்மாளின் சோற்றுத் தூக்கும் இவள் தயிர்சாதமும் கைமாறிக்கொண்டிருந்தன என்று பிறகு தெரிந்தது. வெளியாள் கை பட்ட தண்ணீரைக்கூடத் தொடாத வீட்டிலிருந்து வந்தவள் இவள்.

ஐந்தாம் நாள் எனக்குக் காய்ச்சல் ஏறியது. சளி பச்சையாக, கெட்டியாக வந்தது. டாக்டர் அமல்ராஜ் வைதேகியை வெளி வராந்தாவில் நிறுத்தி வைத்துச் சொன்னாராம்.

"நிமோனியா வந்திருக்கும்மா. நுரையீரல் குட்டிக் குட்டிக் காத்துப் பை. அதுல இப்ப சளி ரொம்பிக்கிட்டிருக்கு. இது அவர் வெளியிலேருந்து கொண்டு வந்ததில்ல. இங்கேயே, ஆஸ்பத்திரியில இருக்கிற கிருமி. மெஷின்ல இருக்கிறவங்களுக்குக் குழாய் வழியா உள்ள இறங்கிடும்."

"மருந்து இருக்கா?"

"குடுக்கிறோம். ஆனா இங்க இருக்கிற கிருமி எங்க மருந்தையெல்லாம் பாத்துப் பழகினது. எது கேக்கும்னு சளியை வளத்துப் பாத்தாத்தான் தெரியும். மூணு நாள் ஆகும்."

மூன்று நாளும் கொடுத்த மருந்து ஒன்றும் கேட்கவில்லை. ராமலிங்கத்துக்கும் அதே காய்ச்சல், அதே பச்சைச் சளி. மூன்றாம் நாள் டாக்டர் வைதேகியையும் என் அண்ணாவையும் பரிசோதனை அறைக்கே கூட்டிப்போய் ஒரு கண்ணாடித் தட்டைக் காட்டினாராம். தட்டு முழுக்க என் கிருமி வளர்ந்திருந்தது. அதன்மேல் மருந்தில் தோய்த்த சின்னச் சின்னக் காகிதப் பொட்டுகள். மருந்து கேட்டால் பொட்டைச் சுற்றிக் கிருமி முளைக்காமல் வெறும் வட்டம் விழும். எல்லாப் பொட்டுகளையும் கிருமி ஒட்டி முளைத்திருந்தது. ஒரே ஒரு பொட்டைச் சுற்றி மட்டும் வட்டம். அந்த மருந்து புதிது, அப்போது திருச்சிக் கடைகளில் இல்லை.

அண்ணாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்ரீரங்கம் உத்தரவீதியில் இருக்கிறார், தபாலாபீஸில் உத்தியோகம். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். காலையில் பெருமாளைச் சேவிக்காமல் காப்பி குடிக்காதவர். அன்று மருந்தின் பெயரை ஒரு தந்திக் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டு மெட்ராஸ் ரயிலில் ஏறினார். மறுநாளே குப்பிகளை வேஷ்டியில் சுற்றிக்கொண்டு திரும்பினார். டாக்டர் எண்ணிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு எதுக்கு சார்? பாதி போதுமே" என்றார்.

"பக்கத்துக் கட்டிலுக்கும் அதே வியாதின்னேளே. சேத்து வாங்கிண்டு வந்தேன்" என்றார் அண்ணா. அதற்கு எவ்வளவு ஆயிற்று, யாரிடம் வாங்கிக் கொடுத்தார் என்று இன்றுவரை வாயைத் திறக்கவில்லை.

டாக்டரிடம் ஒரு நீளமான நோட்டு இருந்தது. மெஷினில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. காய்ச்சல் எவ்வளவு, மெஷின் எவ்வளவு ஆக்ஸிஜன் கேட்கிறது, சளி என்ன நிறம், சிறுநீர் நன்றாகப் பிரிகிறதா, எக்ஸ்ரே எப்படி என்று ஐந்து விஷயங்களுக்குத் தினமும் மார்க் போடுவார். கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டிருப்பார். பிழைத்துப் போனால் அதில் 'வீடு' என்று எழுதுவார். இல்லையென்றால் ஒரு கோடு.

"இதை வச்சு முன்னாடியே சொல்லிட முடியுமா?" என்று அண்ணா கேட்டார்.

"அதுக்காகத்தான் எழுதறேன். ஆனா நோட்டுல இருக்கிறது கொஞ்சம் பேர்தான். ஒரு நாள் மார்க்கை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. எந்தப் பக்கம் நகருதுன்னு பாக்கணும். மருந்து ஆரம்பிச்சு மூணு நாள் குடுங்க. நாலாம் நாள் காலையில சொல்றேன். படம் மட்டும் ஆளைவிட மெதுவாத்தான் தேறும், அதைப் பாத்து பயப்படாதீங்க."

ராமலிங்கத்துக்கு என்னைவிட வயது குறைவு, மார்க் அதிகம். அவர்தான் முதலில் வீட்டுக்குப் போவார் என்று டாக்டர் நம்பினார்.

இனி என் மடத்தனம். தினமும் காலையில் என் மார்புப் படத்தை எடுத்து எதிர்ச் சுவரில் இருந்த வெளிச்சப் பெட்டியில் மாட்டுவார்கள். அது என் கட்டிலுக்கு நேர் எதிரே இருந்தது. வெளிச்சப் பெட்டியைக் கண்டால் என் கண் தானாக வேலையை ஆரம்பித்துவிடும். முதல் நாள் படத்தில் இரண்டு பக்கமும் பெரிய கறுப்பு. அடுத்த படத்தில் வலப்பக்கம் கீழே கொஞ்சம் வெள்ளை. அதற்கடுத்ததில் இன்னும் வெள்ளை. பரவாயில்லையே, நிரம்பி வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். நுரையீரல் என்பதே காற்றுக்காக வைத்த இடம், அது கறுப்பாக இருப்பதுதான் அழகு, வெள்ளை என்றால் சளி என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். யோசிக்கிற மூளை காய்ச்சலில் வெந்துகொண்டிருந்தது. பார்க்கிற கண் மட்டும் பழக்கப்படி ஃபிலிம் அறையில் உட்கார்ந்திருந்தது.

ஆகவே நான் செத்துக்கொண்டிருந்த அந்த நாட்களில் பரம சந்தோஷமாக இருந்தேன். "உங்க வீட்டுக்காரர் மாதிரி தைரியசாலிய நான் பாத்ததில்ல" என்று ஸ்டெல்லா சிஸ்டர் வைதேகியிடம் சொன்னாராம். அவளும் பெருமைப்பட்டிருக்கிறாள். தைரியமும் இல்லை, ஒன்றும் இல்லை.

புது மருந்து போட ஆரம்பித்த இரண்டாம் நாள் மத்தியானம், ராமலிங்கம் போய்விட்டார். திரையை இழுத்துவிட்டார்கள். மெஷின் சத்தம் இரண்டாகக் கேட்டுக்கொண்டிருந்தது ஒன்றாயிற்று. வராந்தாவிலிருந்து அந்த அம்மாளின் குரல் கேட்டது. ராமலிங்கத்தின் முகத்தை நான் சரியாகப் பார்த்ததுகூட இல்லை, ஆனால் ஒன்பது நாள் சேர்ந்து மூச்சு விட்டிருக்கிறோம். அன்றுதான் எனக்கு முதல்முறையாகச் சாவுப் பயம் வந்தது.

அண்ணாவுக்கும் நம்பிக்கை விட்டது அன்றுதான். மூன்றாம் நாள் சாயந்தரம் கதவுக்கு வெளியே அவர் பேசியது எனக்குக் கேட்டது.

"நோட்டுல நன்னா இருந்தவனே போய்ட்டான், வைதேகி. இவன் மார்க் அதைவிடக் கம்மி. இனிமே இங்க வச்சுண்டு என்ன பண்ணப் போறோம்? பிராணன் போறதுன்னா ரங்கத்துல போகட்டும். ரெண்டு நதிக்கும் நடுவுல, பெருமாள் பக்கத்துல."

எங்கள் ஊரில் இது சாதாரணமாகப் பேசுவதுதான். கடைசி மூச்சு ஸ்ரீரங்கத்து எல்லைக்குள் போக வேண்டும் என்பது ஒவ்வொருவருக்கும் உள்ள ஆசை. ஆஸ்பத்திரியிலிருந்து அவசரமாக ஆற்றுப் பாலம் தாண்டும் வண்டிகளை நானே எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

"டாக்டர் நாளைக்குச் சொல்றேன்னாரே" என்றாள் வைதேகி.

"அப்பாவுக்கும் ஒரு டாக்டர் நாளைக்குத்தான் சொல்றேன்னார். நாளைக்கு அப்பா இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டில்லயே போய்ட்டார். பாலத்துக்கு இந்தப் பக்கம். கூட இருந்தவன் நான்." அண்ணாவின் குரல் உடைந்தது. அவர் அழுது நான் கேட்டது அப்போதுதான்.

டம்ளரில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. பிறகு வைதேகி சொன்னாள்: "கூட்டிண்டு போகக் கையெழுத்து நான்தானே போடணும்? நானா போட மாட்டேன். அவருக்கு நினைவு இருக்கு. அவரே சொல்லட்டும். அவர் ரங்கத்துல உங்க ஆத்துக்குன்னா ஆத்துக்கு."

"சரி. அவன் சொல்றபடி" என்றார் அண்ணா. காலையில் வேன் வரச் சொல்லிவிட்டுப் போனார்.

நாலாம் நாள் காலை. புதுப் படத்தை மாட்டினார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அத்தனை நாள் நிரம்பி வந்த வெள்ளை, துண்டு துண்டாக உடைந்திருந்தது. நடுவில் எங்கே பார்த்தாலும் கறுப்புப் பொட்டு. என் வாழ்நாளில் அவ்வளவு மோசமான வெல்டைப் பார்த்ததில்லை. ஒட்டுப்போட்டுத் திருத்தக்கூட முடியாது, மொத்தமாக வெட்டி எறிய வேண்டியதுதான். ராமலிங்கத்தின் காலிக் கட்டிலைப் பார்த்தேன். எனக்கு விளங்கிவிட்டது.

அழுகை வரவில்லை. பெண்ணுக்கு இன்னும் பத்து வயது ஆகவில்லையே என்று நினைத்தேன். வைதேகியின் தோசையைப் பற்றி ஒரு நாளாவது நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று நினைத்தேன். உண்மையாகவே அதைத்தான் நினைத்தேன்.

இருவரும் உள்ளே வந்தார்கள். டாக்டர் ஒரு அவசர ஆபரேஷனில் இருந்தார். அண்ணா குனிந்து, சின்னக் குழந்தையிடம் கேட்பதுபோல் கேட்டார்: "ஏண்டா, இங்க இருக்கியா, ஆத்துக்குப் போலாமா?"

ஸ்லேட்டை வாங்கி, 'ஆத்துக்கு' என்று எழுதினேன்.

அண்ணா கண்ணை மூடிக் கையைக் கூப்பினார். வைதேகி ஸ்லேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாக்குக் கொடுத்துவிட்டாள், இனி என்ன செய்வாள்? ஸ்டெல்லா சிஸ்டர் கட்டிலுக்குக் குறுக்கே வந்து நின்றார்.

"ஐயா, டாக்டர் வர்ற வரைக்கும் பொறுங்க. குழாயை எடுத்தா பாலம்கூடத் தாங்க மாட்டாரு. ராத்திரி காய்ச்சலே இல்ல இவருக்கு. நான்தான் தொட்டுப் பாத்தேன்."

"காத்திருந்து பாத்தாச்சும்மா" என்றார் அண்ணா. "வேன் கீழ நிக்கறது."

வைதேகிதான் கேட்டாள். "ஏன்னா, நேத்திக்குக்கூட சிரிச்சேளே. திடீர்னு ஏன்?"

பதில் எழுத ஸ்லேட்டில் இடமில்லை, தெம்பும் இல்லை. எதிர்ச் சுவரைக் கையால் காட்டினேன். பிறகு 'ஆத்துக்கு' என்ற சொல்லின் பக்கத்தில் வழக்கம்போல ஒரு வட்டம் போட்டு, குறுக்கே ஒரு கோடு இழுத்தேன்.

அவள் சுவரைப் பார்த்தாள். வட்டத்தைப் பார்த்தாள். மறுபடி சுவரைப் பார்த்தாள். அவள் முகம் மாறியதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"ஏன்னா... இதை வெல்டுன்னா பாக்கறேள்?"

நான் தலையாட்டினேன்.

"அப்போ இத்தனை நாள் வெள்ளை வெள்ளையா வந்ததே, அது நல்லதுன்னா நினைச்சுண்டிருந்தேள்?"

மறுபடி தலையாட்டினேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தீவிர சிகிச்சை அறை என்றும் பார்க்காமல் உரக்கவே சொன்னாள்: "வெள்ளைதான்னா சளி! டாக்டர் தினம் வெளியில வச்சு காட்டிக் காட்டிச் சொன்னாரே என்கிட்ட. கறுப்புன்னா காத்து உள்ள போறது! தோசைக்கே ஓட்டை வேணும், நுரையீரலுக்கு வேண்டாமா?"

ஸ்டெல்லா சிஸ்டர் முந்தாநாள் படத்தை எடுத்துவந்து பக்கத்தில் மாட்டினார். அதில் வெள்ளையாக இருந்த இடமெல்லாம் இன்று கறுப்பு. அண்ணா இரண்டு படங்களுக்கும் கிட்டே போய், மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அவருக்கு என்ன விளங்கியதோ தெரியாது. திரும்பி வந்து, என் கையிலிருந்த ஸ்லேட்டை எடுத்துத் தன் மேல்துண்டால் துடைத்தார். வேனை அனுப்பிவிடக் கீழே போனார். போனவர் வெகுநேரம் திரும்பி வரவில்லை.

டாக்டர் வந்து நோட்டைப் பார்த்தார். காய்ச்சல் இறங்கியிருந்தது, மெஷின் கேட்கும் ஆக்ஸிஜன் குறைந்திருந்தது, சளி வெளுத்திருந்தது. ஐந்தில் நாலு மார்க் ஏறியிருந்தது, படமும் பின்னாலேயே வர ஆரம்பித்திருந்தது. "இப்ப சொல்றேன், இவர் வீட்டுக்குப் போவாரு" என்றார். பிறகு நடந்ததைக் கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "எல்லாருக்கும் படத்தை விளக்கினேன். படுத்திருக்கிறவருக்கு விளக்கணும்னு தோணலையே" என்றார். அன்றிலிருந்து தினமும் காலையில் முதலில் என்னிடம்தான் படத்தைக் காட்டுவார்.

நாலு நாளில் குழாயை எடுத்தார்கள். முதல் வார்த்தையாக என்ன பேசினேன் என்று எல்லோரும் கேட்பார்கள். தண்ணீர் கேட்டேன். இரண்டாவதாக, ராமலிங்கத்தின் மனைவி எங்கே என்று கேட்டேன். அந்த அம்மாளை வைதேகி கடைசிவரை கூட இருந்து உறையூருக்கு அனுப்பிவைத்திருந்தாள்.

கிளம்புகிற அன்று டாக்டர் நோட்டைக் கொண்டுவந்து நீட்டினார். என் வரியில் கடைசிக் கட்டம் காலியாக இருந்தது. "உங்க கையாலயே எழுதுங்க சார். இந்த மாதிரி வேலை உங்களுக்குப் பழக்கம்தானே" என்றார். எழுதப் பேனாவை வைத்தபோது மேல் வரி கண்ணில் பட்டது. ராமலிங்கத்தின் வரி. ஒவ்வொரு கட்டத்திலும் என்னைவிட நல்ல மார்க், கடைசியில் ஒரு கோடு.

"இவர் ஏன் டாக்டர்?" என்று கேட்டேன்.

"தெரியல சார். தெரிஞ்சா அடுத்தவருக்கு உதவும். அதான் எழுதி வைக்கிறேன்."

நான் என் கட்டத்தில் 'வீடு' என்று எழுதினேன். பதினெட்டு வருஷத்தில் எத்தனையோ ஃபிலிமில் தேறும் என்று எழுதியிருக்கிறேன், ஒன்றையும் அன்றுபோல் இரண்டு தடவை படித்துப் பார்த்ததில்லை.

கொஞ்ச நாள் ஸ்ரீரங்கத்தில் இருந்து உடம்பைத் தேற்றிக்கொள் என்று அண்ணா முடிவு செய்திருந்தார். அதே வேன்தான் வந்தது. வைதேகி முன்னால் உட்கார்ந்தாள், நானும் அண்ணாவும் பின்னால். பாலத்தில் ஏறியதும் ஜன்னல் வழியாகக் காற்று அடித்தது. கீழே ஆடிப் புதுவெள்ளம் இரண்டு கரையும் தொட்டு ஓடியது. தூரத்தில் கோபுரம் தெரிந்ததும் அண்ணா கைகூப்பவில்லை. அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவர் கை என் மார்பின்மேல் இருந்தது. பாலம் முடிகிறவரை அதை எடுக்கவே இல்லை.

"என்ன அண்ணா?" என்றேன்.

"ஒண்ணுமில்லை. காத்து உள்ள போய்ட்டு வரதுடா" என்றார்.